கட்டடத்தின் உயரம் பதினைந்து மீட்டர்

ஜூலை 3, திங்கள்

இன்று எழுபத்திரண்டு. இலக்கு எழுபது. எழுபத்திரண்டில் நாற்பதுக்கு மேல் எறிபொருள் கணக்கு. பந்தை எறிகிறார்கள், கல்லை எறிகிறார்கள், பீரங்கியால் சுடுகிறார்கள். எல்லாம் எங்கே போய் விழும், எத்தனை நொடியில் விழும் என்று நான் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. அம்மா ஊரில் எல்லோரிடமும் "எம்பொண்ணு சேலத்துல டீச்சரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், பதினெட்டுப் பேர் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்திருக்கும் இந்த அறையை அவள் பார்த்ததில்லை. விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப் கொடுத்திருக்கிறார்கள். அதில் எங்கள் கம்பெனியின் செயலியைத் தவிர எதுவும் திறக்காது. புரியாத கணக்கைப் படம் எடுத்து அனுப்பினால் அது ஒரு டவுட். ஏழு நிமிடத்துக்குள் தரவு, வாய்பாடு, பிரதியிடல், விடை என்று நான்கு கட்டங்களை நிரப்பி அனுப்ப வேண்டும். பிள்ளையின் பெயரோ பள்ளியோ எங்களுக்குத் தெரியாது, ஓர் எண் மட்டும் தெரியும். நாங்களும் அவர்களுக்கு எண்தான். எம்.எஸ்ஸி. இயற்பியல், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம், எக்ஸ்பர்ட் 12.

விடை போய்ச் சேர்ந்ததும் அவர்களுக்கு இரண்டு பொத்தான்கள் வரும்: புரிந்தது, புரியவில்லை. அதற்கு மேல் ஒரு சொல் பேச வேண்டுமென்றாலும் புதிதாகப் படம் எடுக்க வேண்டும். அது இன்னொரு டவுட்.

4417 என்ற எண்ணின் எறிபொருள் பாடம் முழுவதும் எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதல் டவுட் இன்று வந்தது. நொடிக்கு 20 மீட்டர் வேகம், 30 டிகிரி கோணம், எவ்வளவு தூரம் போகும்? பறக்கும் நேரம் 2 நொடி, தூரம் 34.6 மீட்டர். மூன்று நிமிடத்தில் முடித்தேன். ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்ட அழகான கையெழுத்து.

ஜூலை 5, புதன்

4417 அதே கணக்கை மறுபடி அனுப்பியிருக்கிறது. திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பழைய கணக்கின் முதல் வரி போலவே இருந்தால் மஞ்சள் எரியும். பக்கத்து இருக்கை பசீராவிடம் காட்டினேன். அவள் வேதியியல், இங்கே இரண்டு வருடமாக இருக்கிறாள்.

"இதுக்கெல்லாமா யோசிப்ப? ரிப்பீட் அமுக்கு. பழைய விடை தானா போயிரும். உனக்கு ஒரு எண்ணிக்கை."

"படிச்சுப் பாக்க வேண்டாமா?"

"மேல் பாதி தெரியுதில்ல? இருபது, முப்பது டிகிரி. அதே கழுதைதான். கீழ இழுத்துப் பாத்துட்டிருந்தா சாயங்காலம் நீ மட்டும் குந்திருப்ப."

அழுத்தினேன். நான்கு நொடி. இன்று எழுபத்தைந்து.

ஜூலை 7, வெள்ளி

நேற்றும் இன்றும் 4417, அதே கணக்கு. ரிப்பீட், ரிப்பீட்.

மனப்பாடம் செய்தே பத்தாம் வகுப்பில் மதிப்பெண் வாங்கியிருக்கும். நானும் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள்தான், ஒரே கணக்கை மூன்று தடவை கேட்டதில்லை. இப்படி எழுதியபிறகு யோசிக்கிறேன்: கேட்பதற்கு எனக்கு யார் இருந்தார்கள்? எங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் இரண்டு வருடம் காலியாக இருந்தது.

ஹாஸ்டலில் தண்ணீர் காலை ஐந்தரைக்கு வந்து ஆறுக்கு நின்றுவிடுகிறது. இரண்டு சுடிதார் ஊறிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 8, சனி

சனிக்கிழமை நண்பகலில் வார அறிக்கை பள்ளிகளுக்குப் போகும். டீம் லீடர் குணசேகரன் சார் எங்களையும் வரிசைப்படுத்தி வாசித்தார். நான் மூன்றாவது. "ஆறே வாரத்துல மூணாவது! பசீரா, உன் சீட்டுக்கு ஆபத்தும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். பீட்ரூட் துருவலும் காரச் சட்னியும் விரலில் ஒட்ட ஒட்டத் தின்றோம்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. எதற்குப் பொய் எழுத வேண்டும்.

ஜூலை 11, செவ்வாய்

4417. மறுபடியும் 20, 30 டிகிரி. ரிப்பீட்.

கையெழுத்து கோணிக்கொண்டு ஓடுகிறது. அடிக்கோடும் இல்லை. அலட்சியம் வந்துவிட்டது போல. எரிச்சலாக இருந்தது.

ஜூலை 13, வியாழன்

எழுபத்தெட்டு. 4417 இன்றும். சுடிதாரில் சாயம் போய்விட்டது.

ஜூலை 14, வெள்ளி

காலையில் குணசேகரன் சார் கூப்பிட்டார். "உனக்கு ஒரு 'புரியவில்லை' விழுந்திருக்கு பாரு. மூணு விழுந்தா உன் ரேங்க் போயிரும்." 4417. ரிப்பீட்டுக்குப் 'புரியவில்லை' போடும் முதல் பிள்ளை. கோபத்தோடு படத்தைத் திறந்தேன். முடித்த டவுட்டுக்கு மறுபடி பதில் போட முடியாது; ஆனால் 'புரியவில்லை' விழுந்தால் படத்தைக் கடைசிவரை பார்க்க வேண்டும் என்பது விதி. கீழே இழுத்தேன்.

கணக்குக்கு அடியில் பென்சிலில், தமிழில் எழுதியிருந்தது.

"ஸார், 34.6 தப்பாம். போர்டில் எழுதி அடி விழுந்தது. எங்கே தப்பு என்று மட்டும் சொல்லுங்கள்."

மற்ற படங்களையும் வரிசையாகத் திறந்து கீழே இழுத்தேன்.

ஐந்தாம் தேதி: "ஸார், உச்சியில் பந்தின் வேகம் சுழி என்று மிஸ் சொன்னார். சுழி என்றால் பந்து அங்கே நின்றுவிட்டது. நின்றது நேராகக் கீழேதானே விழ வேண்டும்? ஏன் தள்ளிப் போய் விழுகிறது?"

ஆறாம் தேதி: "அதே விடை வந்திருக்கிறது. நான் கேட்டது அது இல்லை."

ஏழாம் தேதி: "கீழே பாருங்கள் ஸார்." பக்கத்தில் ஓர் அம்புக்குறி, பென்சில் கனமாக அழுத்திப் போட்டது.

பதினொன்றாம் தேதி அனுப்பியது வேறு கணக்கு. முதல் வரி மட்டும் ஒன்று. இரண்டாம் வரியில், பந்து 15 மீட்டர் உயரக் கட்டடத்தின் மேலிருந்து எறியப்படுகிறது என்று இருக்கிறது. கட்டடம் இருந்தால் பந்து தரைக்கு வர மூன்று நொடி ஆகும், தூரம் 52 மீட்டர். என் ரிப்பீட் பழைய 34.6-ஐ அனுப்பியிருக்கிறது. முதலாண்டு மாணவன்கூடச் செய்யக் கூசும் தப்பு. நான் செய்யவில்லை, பார்க்கவே இல்லை. அது இன்னும் கேவலம்.

அந்தப் படத்தில் நோட்டு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கை அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கை. நடுவிரலும் மோதிரவிரலும் மடங்காமல், வீங்கி ஒரே பருமனாக இருக்கின்றன. மணிக்கட்டில் கறுப்புக் கயிறும் ரப்பர் பேண்டும். பெண் பிள்ளை.

இந்த விரல்களால் பென்சில் பிடிக்க முடியாது என்றால் எழுதியது எந்தக் கை?

பசீராவிடம் காட்டினேன். "மூடும்மா. சாப்பிட வா" என்றாள். அவள் சாப்பிடவில்லை.

ஜூலை 15, சனி

அறிக்கை போவதற்கு முன் குணசேகரன் சாரிடம் கேட்டேன்.

"சார், வார அறிக்கையில என்ன போகுது?"

"பசங்க லிஸ்ட்டும்மா. பச்சை, மஞ்சள், ரெட்."

"ரெட் யாரு?"

"மூணு ரிப்பீட் வாங்கினா ரெட். சொன்னதையே திரும்பத் திரும்பக் கேக்குதுன்னா கவனிக்கலன்னு அர்த்தம். ஒருதரம் ரெட் ஆயிட்டா, ஒரு வாரம் சுத்தமா இருந்தாத்தான் பச்சைக்கு வரலாம். ரிப்பீட்டே இருக்கக் கூடாது, மொத்த டவுட்டும் அஞ்சுக்கு மேல போகக் கூடாது. ஸ்கூல்காரங்க நம்மகிட்ட வாங்கறதே அந்த லிஸ்ட்டுக்காகத்தான். விடை கூகுள்ல இருக்குது, அதுக்கா நாம?"

"லிஸ்ட்டை வெச்சு அவங்க என்ன பண்றாங்க?"

"அது அவங்க டிசிப்ளின். நமக்கென்ன?"

படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு சொன்னார்: "கதவுல நசுங்கியிருக்கும்."

4417 முந்தைய சனிக்கிழமையே சிவப்பாகியிருக்கிறது. தட்டுவடை செட் தின்ற சனிக்கிழமை. ஐந்து, ஆறு, ஏழு: மூன்றும் என் விரல்.

மென்பொருள்தான் மஞ்சள் காட்டியது என்று இதற்கு மேல் ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

ஜூலை 17, திங்கள்

காலை பத்தேகாலுக்கு 4417 வந்தது. ஐந்தாம் தேதி கேள்வியையே மறுபடி கேட்டிருக்கிறாள், இம்முறை மேல் பாதியில், பெரிய எழுத்தில். மஞ்சள் எரிந்தது. ரிப்பீட்டைத் தொடவில்லை. நான்கு கட்டங்களையும் விட்டுவிட்டுத் தமிழில் எழுதினேன்.

"நீ கேட்டது சரியான கேள்வி. உச்சியில் சுழியாவது மேல் நோக்கிய வேகம் மட்டும்தான். பக்கவாட்டு வேகம் அப்படியே இருக்கிறது, அதைத் தடுக்க யாரும் இல்லை. அதனால் பந்து உச்சியில் நிற்பதே இல்லை. பேருந்து ஓடும்போது உள்ளே உட்கார்ந்து ஒரு காசை மேலே சுண்டிப் பார். அது உன் மடியில்தான் விழும், பின் இருக்கையில் விழாது. கட்டடக் கணக்கில் தப்பு என்னுடையது. பதினைந்து மீட்டரை நான் பார்க்கவில்லை. மன்னித்துக்கொள். நேரம் மூன்று நொடி, எப்படி வருகிறது என்று நீயே போட்டுப் பார்."

அதற்குக் கீழே: "நான் ஸார் இல்லை, அக்கா. கையில் என்ன? யார் அடித்தது? எந்தப் பள்ளி?"

ஆறு நிமிடம் ஐம்பது நொடி. இன்று அறுபத்தொன்றுதான். மனது லேசாக இருந்தது. ஹாஸ்டலில் ரசம்கூட நன்றாக இருந்தது.

ஜூலை 18, செவ்வாய்

மூன்று கேள்வி கேட்டேன். மூன்று படம் வந்திருக்கிறது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

முதல் படம்: "அக்கா! பஸ் புரிந்துவிட்டது. நான் பஸ்ஸில் போய் ஒரு வருஷம் ஆகிறது, ஆனால் புரிந்துவிட்டது. மூன்று நொடி வந்துவிட்டது. மைனஸ் ஒன்று என்றும் ஒரு விடை வந்தது, அதை விட்டுவிட்டேன். சரியா? 52 மீட்டர்." கீழே கணக்கு முழுவதும், இடது கையால், ஒரு வரி விடாமல்.

இரண்டாவது: "திங்கள்கிழமை பிரேயர் முடிந்ததும் ரெட் லிஸ்ட் வாசிப்பார்கள். ஒரு ரிப்பீட்டுக்கு இரண்டு. ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து விரல் முட்டியில். வார்டன் சார். நல்லவர்தான், மற்ற நாளில் சிரித்துப் பேசுவார்."

மூன்றாவது: "பள்ளிப் பெயர் எழுத மாட்டேன். எழுதினால் யாரையாவது அனுப்புவீர்கள். போன வருஷம் ஒரு அக்காவின் அப்பா வந்து சண்டை போட்டார். அன்று சாயங்காலமே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் தெரிந்தால் கூட்டிக்கொண்டு போய் மில்லில் சேர்த்துவிடுவார்கள். எனக்குப் படிக்க வேண்டும் அக்கா. இந்தப் பாடம் எனக்குப் பிடிக்கிறது."

மைனஸ் ஒன்றை விட்டது சரிதான் என்று பதில் போட்டேன். ஏன் சரி என்றும் எழுதினேன். எறிவதற்கு முன்னால் பந்து பறக்காது. அது புரிந்ததா என்று கேட்டேன்.

ஜூலை 19, புதன்

சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படியில் நின்று குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "பிள்ளை பேரும்மா?" தெரியாது. "பள்ளி?" தெரியாது. "ஊராச்சும் சொல்லுங்க, உடனே ஆள் அனுப்பறோம்." தெரியாது. "எப்டிம்மா தெரியும் அந்தப் பிள்ளைய உங்களுக்கு?" கணக்கு அனுப்பும் என்றேன். கம்பெனியில் கேட்டுச் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்றார்.

கம்பெனியில் கேட்டேன்.

"எண்ணுக்குப் பேர் ஹெட் ஆபீஸ்ல இருக்குது. எனக்கே தெரியாது" என்றார் குணசேகரன் சார். "தெரிஞ்சாலும் குடுக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டுத்தானே சேந்த?"

"அடிக்கறாங்க சார். நம்ம லிஸ்ட்டை வெச்சு அடிக்கறாங்க."

"எம்பொண்ணு அந்த மாதிரி ஒரு எடத்துலதான் படிக்குது" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நானும் லிஸ்ட் பாக்கறேன். அதுவும் ஒருதரம் ரெட்ல வந்துது."

"வந்து?"

"அப்புறம் வரல."

அவர் மேசைமேல் அந்தப் பெண்ணின் படம் இருக்கிறது. ஆறாம் வகுப்பு மாறுவேடப் போட்டி. அந்தப் படத்தில் கை தெரியாது.

திரும்பி வந்தபோது 4417-இடமிருந்து ஒரு படம் காத்திருந்தது. "புரிந்தது அக்கா. 'புரிந்தது' பொத்தான் அமுக்கினால் உங்களுக்கு நான்தான் என்று தெரியுமா தெரியாதா என்று இதை எழுதுகிறேன்."

பசீரா எட்டிப் பார்த்தாள். "இந்த வாரம் இதுக்கு எத்தன ஆச்சு?" என்றாள்.

"எத்தன என்ன?"

"டவுட்டுடீ."

திங்கள் ஒன்று. செவ்வாய் மூன்று. இன்று ஒன்று. ஐந்து.

ஜூலை 20, வியாழன்

4417 இன்று வந்தது. ஆறு.

நான்தான் வரவழைத்தேன். ஒவ்வொன்றுக்கும் வால் வைத்து ஒரு கேள்வி கேட்டு அனுப்பியது நான். அவளுக்கு வாயைத் திறக்க இருக்கும் ஒரே வழி டவுட். அந்த டவுட்டைத்தான் எண்ணுகிறார்கள். இதைச் சனிக்கிழமையே சார் எனக்குச் சொன்னார். நானே இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், நான்கு பக்கம் முன்னால்.

ஜூலை 22, சனி

4417 சிவப்பு. ரிப்பீட் சுழி, டவுட் ஆறு.

அனுப்புவதற்கு முன் சாரிடம் கெஞ்சினேன். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள் சார், ஆறை ஐந்தாக்குங்கள் என்றேன். மனு கொடுப்பதுபோல் நின்றேன். பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கத்தில் மேடையேறிப் பேசியவள்.

"அது தானா போவுதும்மா. எங்கையில இல்ல" என்றார். இன்னொன்றும் சொன்னார்: தமிழில் எழுதி அனுப்பிய விடைகள் ஹெட் ஆபீஸ் பார்வைக்குப் போயிருக்கின்றன. திங்களிலிருந்து நான்கு கட்டம், ஆங்கிலம், அவ்வளவுதான். ஒரு தடவை மன்னிப்பார்கள்.

தட்டுவடை செட் வந்தது. யாரோ என் பங்கையும் தின்றார்கள்.

ஜூலை 23, ஞாயிறு

துணி துவைத்தேன். நாளை காலை பிரேயர்.

ஜூலை 24, திங்கள்

பதினொன்றே முக்காலுக்கு 4417.

"அக்கா, ஒரே வேகத்தில் 30 டிகிரியில் எறிந்தால் 34.6. நானே 60 டிகிரி வைத்துப் போட்டுப் பார்த்தேன். அதுவும் 34.6. மூன்று தடவை போட்டேன். இரண்டு கோணத்துக்கும் எப்படி ஒரே விடை வரும்? நான் எங்கே தப்பு செய்கிறேன்?"

புத்தகத்தில் கேட்காத கேள்வி. எழுத்து இன்னும் மோசம். சில எழுத்துகளில் கொம்பைக் காணோம்.

கடிகாரம் ஓட ஆரம்பித்தது. தரவு என்ற கட்டத்தில் 20 என்று போட்டேன். வாய்பாடு போட்டேன். பிரதியிடலை ஒப்புக்கு நிரப்பினேன். விடை என்ற கட்டம்தான் எனக்கு இருந்த இடம்.

"இந்த வாரம் எதுவும் அனுப்பாதே" என்று எழுதினேன். அடுத்த வாரம் அனுப்பினால்? அழித்தேன். "நான்கு வரைக்கும் அனுப்பலாம்" என்று எழுதினேன். பாடத்துக்கு நான்கா, எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து நான்கா? வேதியியலில் எத்தனை கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அழித்தேன். "மிஸ்ஸிடம் கேள்" என்று எழுதிப் பார்த்தேன். உச்சியில் வேகம் சுழி என்று சொன்ன மிஸ். அழித்தேன். ஐந்தரை நிமிடம் ஆகிவிட்டது.

கடைசியில் தமிழில் எழுதினேன். "எண்ணிக்கைக்காகத்தான் அடிக்கிறார்கள். இனி டவுட் கேட்காதே. புரியாவிட்டாலும் கேட்காதே. எனக்குப் பதில் போடாதே." ஆறு ஐம்பத்தைந்துக்கு அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. 30-க்கும் 60-க்கும் ஒரே தூரம்தான். யாரும் சொல்லித் தராமல் இடது கையால் மூன்று தடவை போட்டு அவளே கண்டுபிடித்திருக்கிறாள். "நீ போட்டது சரி." மூன்று சொல். கட்டத்தில் இடம் இருந்தது. ஐந்து நொடியும் இருந்தது.

முடித்த டவுட்டை மறுபடி திறக்க முடியாது. அவள் கேட்டால்தான் நான் சொல்ல முடியும்.

ஜூலை 25, செவ்வாய்

வரவில்லை.

ஜூலை 26, புதன்

வரவில்லை. எழுபது. மஞ்சள் எரிந்தால் கீழே இழுத்துப் பார்க்கிறேன். இன்று மஞ்சள் எரிந்த ஒன்பதில் இரண்டின் அடியில் பென்சில் எழுத்து இருக்கிறது. பசீராவும் இழுக்கிறாள்; நான் பார்க்கும்போது இழுப்பதில்லை. ஹெட் ஆபீஸிலிருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, நான்கு வரி.

ஜூலை 27, வியாழன்

வரவில்லை. அம்மா கூப்பிட்டாள். "பிள்ளைங்க நல்லாப் படிக்குதா கண்ணு?" என்றாள். படிக்குதும்மா என்றேன்.

ஜூலை 29, சனி

குணசேகரன் சார் அறிக்கையை வாசித்தார். இந்த வாரம் ஒரு பள்ளி நமக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறது என்றார். கம்பெனியின் முறையால் பிள்ளைகளிடம் நல்ல மாற்றம் தெரிகிறதாம். உதாரணத்துக்கு ஒரு எண்ணைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

"நாலு நாலு ஒண்ணு ஏழு. போன வாரம் ரெட். இந்த வாரம் திங்கக்கிழம ஒண்ணே ஒண்ணு, அதுக்கப்புறம் எல்லாப் பாடத்துலயும் ஜீரோ டவுட். பச்சை!" என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை. ஏதோ எனக்கு நல்லது செய்துவிட்டது மாதிரி இருந்தது. "எக்ஸ்பர்ட் பன்னெண்டோட பிள்ளை. எல்லாரும் ஒரு தரம் தட்டுங்க."

பதினெட்டுப் பேரும் கை தட்டினோம்.